மந்தைவெளி, மேற்கு மாம்பலம், பெரம்பூர்: கைக்கு அடக்கமான வாடகைக்கு எந்த வீடு?

நாங்கள் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த சைதாப்பேட்டை வீட்டை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொன்னபோது, எங்களுக்கு இருந்த அவகாசம் மூன்று மாதம். நான் எழும்பூரில் வேலை பார்க்கிறேன். என் மனைவி கிண்டி தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். என் தாயாருக்கு 71 வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். மகள் எட்டாம் வகுப்பு. வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்து மாதம் 27,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். இந்த வரம்புக்குள் சென்னை நகரின் உள்ளேயே இரண்டு படுக்கையறை வீடு கிடைக்குமா என்று நாங்கள் தேடியபோது கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

தாம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள் என்பதே நாங்கள் முதலில் கேட்ட யோசனை. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இதே பணத்திற்கு லிஃப்ட், கார் நிறுத்துமிடம், மூன்று படுக்கையறை எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எழும்பூருக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ வேறு. தாயாருக்கு மருத்துவர், மகளுக்குப் பள்ளி, எங்கள் இருவருக்கும் வேலை என்று நால்வரின் தேவையும் நகருக்குள் இருக்கும்போது, படுத்து எழுவதற்கு மட்டும் வெளியே போவது எங்களுக்குப் பொருந்தாது என்று அந்த வழியை அதிகம் ஆராயாமல் விட்டுவிட்டோம். மீதியிருந்தவை மூன்று பகுதிகள்: மந்தைவெளி, மேற்கு மாம்பலம், பெரம்பூர். ஒவ்வொன்றிலும் பல வீடுகள் பார்த்து, கடைசியில் பகுதிக்கு ஒன்றாக மூன்று வீடுகளைக் கையில் வைத்துக்கொண்டோம்.

மந்தைவெளியில் பார்த்தது 1980களில் கட்டிய எட்டுக் குடித்தன அடுக்ககத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வாடகை 25,000, பராமரிப்பு 1,500. மேற்கு மாம்பலத்தில் ஆரிய கௌடா சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில் முதல் மாடி. வாடகை 23,000, பராமரிப்பு 2,000. அதே கட்டடத்தின் தரைத்தளத்திலும் ஒரு வீடு 19,500 ரூபாய்க்குக் காலியாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரம்பூரில் பேப்பர் மில்ஸ் சாலைக்கு அருகே தனி வீட்டின் முதல் மாடி போர்ஷன். கீழே உரிமையாளர் குடியிருக்கிறார். வாடகை 17,500, பராமரிப்பு இல்லை. கட்டடம் புதியது, காற்றோட்டம் நன்றாக இருந்தது, மொட்டை மாடியும் எங்களுக்கே. வாடகையை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லாமல் பெரம்பூர்தான். வட சென்னை என்றதும் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அந்த வழக்கம் நியாயமற்றது என்பதை அங்கே நாலு முறை போய் வந்தபின் உறுதியாகச் சொல்வேன். 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் ரயில்வே மருத்துவமனையையும் சுற்றி வளர்ந்த, வேலைக்குப் போகிறவர்களின் ஊர் அது. காய்கறி முதல் கொத்தனார் வரை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கிறது.

போக்குவரத்தில்தான் முதல் வித்தியாசம் வெளிப்பட்டது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில் மாம்பலத்திலிருந்து எழும்பூர் நான்காவது நிலையம். எதிர்ப்பக்கம் கிண்டி இரண்டாவது நிலையம். எங்கள் இருவரின் அலுவலகத்துக்கும் ஒரே ரயில் பாதை, மாறி ஏற வேண்டியதில்லை. பெரம்பூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து சென்ட்ரலுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம், எனக்கு அது போதும்; ஆனால் என் மனைவி அங்கே இறங்கி, சுரங்கப்பாதை வழியே பூங்கா நிலையத்துக்கு நடந்து, கூட்ட நேரத்தில் இன்னொரு ரயிலில் ஏறிக் கிண்டி போக வேண்டும். மந்தைவெளியில் பறக்கும் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும், அந்த ரயில் எங்கள் இருவரையும் அலுவலக வாசலுக்குக் கொண்டுபோய் விடாது. பூங்கா நகரில் இறங்கி மேலும் போக வேண்டும், கிண்டிக்கோ பேருந்துதான். பேருந்தென்றால் பெரம்பூரையும் குறைத்துச் சொல்ல முடியாது: பெசன்ட் நகர் வரை ஓடும் 29சி அங்கிருந்துதான் புறப்படுகிறது, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வீட்டில் வேலைக்குப் போகும் பெண் இருந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணியில் மாதவரம்–சிப்காட் வழித்தடம் பெரம்பூரையும் மந்தைவெளியையும் தொட்டுச் செல்கிறது. அது முடிந்தால் இரண்டு ஊரும் நெருங்கிவிடும். ஆனால் இன்றைக்கு ராமகிருஷ்ண மடம் சாலையில் தடுப்புகளுக்கு நடுவே நடந்து பார்த்தவர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் குடிவருகிறவர் புழுதியையும் போக்குவரத்து மாற்றத்தையும் மட்டுமே அனுபவிப்பார் என்பதும், ரயில் ஓடத் தொடங்கும்போது வாடகை ஏறிவிடும் என்பதும் புரியும். வராத ரயிலுக்காக வாடகை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது தண்ணீர். வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளை அளக்கிறார்கள், அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறக்கச் சொல்கிறவர்கள் குறைவு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நாள்களைப் பார்த்தவர்கள் நாம். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. 2024இல் நெம்மேலியில் இரண்டாவது நிலையமும் சேர்ந்திருக்கிறது. நகரத்தின் நிலைமை மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட கட்டடத்தின் சம்ப்பில், மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் விழுகிறது என்பதற்கான பதிலை அங்கே குடியிருப்பவரிடம்தான் வாங்க முடியும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உரிமையாளரைக் கேட்ட கேள்வியையே எதிர்வீட்டாரிடமும் கேட்டோம்.

மாம்பலத்து வீட்டில் என் தாயார் ஒரு காரியம் செய்தார். குளியலறையில் இருந்த வெள்ளை வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து ஓரமாக வைக்கச் சொன்னார். பிடித்தபோது தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. நாங்கள் சமையலறையையும் பால்கனியையும் பார்த்துவிட்டு அரை மணி கழித்துத் திரும்பியபோது மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. வாளியின் அடியில் துரு நிறத்தில் பொடி படியத் தொடங்கியிருந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிந்து படிகிறது. வெளுத்த வேட்டியும் பள்ளிச் சீருடையும் சில மாதங்களில் பழுப்பேறுவது இதனால்தான். அந்தக் கட்டடத்தில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மெட்ரோ தண்ணீருக்கெனத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் இருந்தன. போர் தண்ணீர் குளியலுக்கும் துவைப்பதற்கும் மட்டும். இரும்பை நீக்கும் வடிகட்டி பொருத்தச் சங்கத்தில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பேச்சை நம்பி வாடகை கொடுக்கக்கூடாது என்பதால், வடிகட்டி இல்லை என்றே கணக்கில் எடுத்துக்கொண்டோம். மந்தைவெளியில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தது. குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கெட்டியாக ஒட்டியிருந்தது. கடலுக்குப் பக்கத்து நிலத்தில் தண்ணீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு உள்ளே வரத்தான் செய்யும். தண்ணீரைப் பொறுத்தவரை மூன்றில் நிம்மதியாக இருந்தது பெரம்பூர்தான்: மெட்ரோ தண்ணீர் நேராகச் சம்ப்பில் விழுகிறது, இரண்டே குடித்தனம், பங்குச் சண்டையில்லை.

கூரையில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்பு எல்லாக் கட்டடங்களிலும் இருக்க வேண்டும் என்று 2003இல் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். மந்தைவெளியில் அது தெருச் சாக்கடையில் முடிந்தது. மாம்பலத்தில் சல்லி நிரப்பிய குழிக்குள் இறங்கியது, ஆனால் குழியின் மேல் பழைய சைக்கிள் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மழைக்காலம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது நாங்கள் சைதாப்பேட்டையில்தான் இருந்தோம். மறைமலை அடிகள் பாலத்தைத் தண்ணீர் தொட்ட இரவை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆகவே மாம்பலத்துத் தரைத்தள வீட்டை 19,500 ரூபாய்க்குச் சொன்னபோது, மாதம் 3,500 குறைகிறதே என்ற ஆசையோடு கூடவே பயமும் வந்தது. மாடிப்படிக்கு அடியில் மின்மீட்டர்ப் பெட்டிகள் இருந்த சுவரில், பெட்டிகளைப் பழைய இடத்திலிருந்து உயர்த்திப் பொருத்திய ஆணித் துளைகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, இரண்டு முறை வெள்ளையடித்தும் மறையாத ஒரு பழுப்புக் கோடு இடுப்பளவில் சுவர் முழுக்க ஓடியது. எதிர்வீட்டு அம்மா என் தாயாரைத் தனியாக அழைத்து, "பதினஞ்சுல இடுப்பு வரைக்கும் வந்துச்சும்மா, இருபத்தொண்ணுல முழங்கால். மாடின்னா கண்ணை மூடிட்டு வாங்க, கீழ வேணாம்" என்று சொன்னார். புரோக்கர் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத ஓர் அம்மா சொன்னார்; அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தத் தண்ணீருக்குக் காரணம் ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1920களில் தியாகராய நகரை அமைத்தபோது தூர்க்கப்பட்டது மயிலாப்பூர்–நுங்கம்பாக்கம் பக்கமாக நீண்டுகிடந்த பெரிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை என்றொரு தெரு இருப்பது அந்த ஏரியின் நினைவாகத்தான். மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. அரங்கநாதன் சுரங்கப்பாதையும் துரைசாமி சுரங்கப்பாதையும் நிரம்பிவிட்டால் ரயில் பாதையின் மேற்குப் பக்கம் தியாகராய நகரிலிருந்து துண்டிக்கப்படும். 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கும் இடையே திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருப்பதால் நடந்து போகிறவர்களுக்கு இப்போது அந்தக் கஷ்டம் குறைந்திருக்கிறது. பெரம்பூரிலும் மழை இதே கதைதான். ஓட்டேரி நல்லா என்னும் கால்வாய் நிரம்பும்போது புளியந்தோப்பு, பட்டாளம், பெரம்பூரின் தாழ்வான தெருக்கள் முழுகுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதிகளில் தண்ணீர் வடியாமல் மக்கள் பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. நாங்கள் பார்த்த வீடு மேட்டுத் தெருவில் இருந்தது, முதல் மாடி. வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் தெருமுனையைத் தாண்ட முடியாது. தாயாருக்கு அவசரமாக மருத்துவமனை போக நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

மந்தைவெளி வீட்டை முடிவில் விலக்கியது தண்ணீரும் இல்லை, பணமும் இல்லை, படிகள்தான். முப்பத்தாறு படிகள். தாயார் ஏறும்போது பதினெட்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கபாலீசுவரர் கோயிலும் மாட வீதிகளும் பக்கத்தில் இருக்கும், மார்கழியில் நடந்தே போய் வரலாம் என்று அந்தப் பகுதியை மிகவும் விரும்பியவர் அவர். கீழே இறங்கி வந்ததும் அவரே, இங்கே வந்தால் நான் வீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, வாடகை எவ்வளவு குறைந்தாலும் மலிவு ஆகாது.

ஆக, மாம்பலத்து முதல் மாடிக்கும் பெரம்பூருக்கும் இடையேதான் உண்மையான போட்டி. கணக்குப் போட்டோம். பெரம்பூரில் மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இல்லை. உரிமையாளரின் இணைப்பிலிருந்து சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு நாங்கள் செலவழிப்பது சுமார் 400 யூனிட். அதற்கு 3,600 ரூபாய் ஆகும். சொந்த இணைப்பாக இருந்தால் வீடுகளுக்கான முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தவற்றுக்குக் குறைந்த கட்டணம் என்று ஏறத்தாழ 1,200 ரூபாயில் முடிந்துவிடும். மாதத்துக்கு 1,200 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், பெரம்பூர் வீட்டின் உண்மையான வாடகை 18,700. மாம்பலத்துக்குப் பராமரிப்பையும் சேர்த்தால் 25,000. வித்தியாசம் 6,300 ரூபாய். ஆண்டுக்கு 75,600. எங்கள் குடும்பத்துக்கு இது சிறிய தொகையே அல்ல. மகளின் பள்ளிக் கட்டணத்தில் பெரும்பகுதி.

எதிர்த்தட்டில் இருப்பது என் மனைவியின் நேரம். ஒரு திங்கட்கிழமை காலை பெரம்பூர் வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை அவர் போய்ப் பார்த்தார்: ஒரு மணி பதினைந்து நிமிடம். மாம்பலத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம். போக வர ஒரு நாளைக்கு எண்பது நிமிடம். மாதம் இருபத்தைந்து வேலை நாளுக்கு முப்பத்து மூன்று மணி நேரம். 6,300 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 190 ரூபாய். இந்த எண் எழுதிய காகிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தோம். காலை ஐந்தரைக்கு எழுந்து சமையலையும் முடித்துவிட்டுப் போகிறவர் அவர். அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. எங்கள் இருவருக்கும் வேலை எழும்பூர், சென்ட்ரல், வில்லிவாக்கம், அம்பத்தூர் பக்கம் இருந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது. தயங்காமல் பெரம்பூருக்கே போயிருப்போம். அந்தத் திசையில் வேலை பார்ப்பவர்கள் அங்கே தேடிப் பார்க்காமல் தென் சென்னையிலேயே சுற்றிச் சுற்றி வந்து 25,000 கொடுப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இடையில் ஒத்தி என்னும் லீஸ் யோசனையும் வந்தது. பெரம்பூரிலேயே எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று ஆண்டுக்கு வாடகை இல்லை, போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்று ஒரு வீடு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உரிமையாளர் அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் வாங்கி, தவணை கட்டத் தவறினால், வங்கி வந்து வீட்டைப் பூட்டும்போது நம் எட்டு லட்சத்துக்கு அவர் வாய்வார்த்தைதான் பிணை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை யாரும் பார்க்கலாம். நாங்கள் பார்த்தபோது அடமானம் பதிவாகியிருந்தது. அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் மாறியிருப்பது பலருக்குத் தெரியவில்லை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது; வீட்டைக் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்தி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. சென்னையின் பழைய வழக்கமான பத்து மாத அட்வான்ஸை எங்களிடம் மந்தைவெளியில் கேட்டார்கள். மாம்பலத்து உரிமையாளர் ஆறு மாதம் கேட்டார். சட்டத்தை எடுத்துக்காட்டிச் சண்டையிடாமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய நாங்களே அலைகிறோம், மூன்று மாதம் போதும் என்று சொன்னோம். கடைசியில் நான்கு மாதத்தில் முடிந்தது. முன்பு ஒரு வீட்டில், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்களால் கேட்க முடியவில்லை. இம்முறை பெயின்ட் செலவு யாருடையது, மின்கட்டணத்தை நேரடியாக நாங்களே செலுத்துவது, மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்தோம்.

தேடுவதற்கு நாங்கள் ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது உதவியது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். காலி வீட்டுக்கு வாடகை வராமல் உரிமையாளர் காத்திருப்பார். வாடகையை 24,000த்திலிருந்து 23,000ஆகக் குறைத்துப் பேச முடிந்தது அதனால்தான். இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஆடி மாத இரவொன்றில் இடியோடு நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு நானும் மகளும் மாம்பலத்துக்குப் போய் அந்தத் தெருவை முழுக்க நடந்து பார்த்தோம். தெருவின் நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டடத்தின் வாசல் மேடாக இருந்ததால் உள்ளே வரவில்லை. எட்டரை மணிக்குள் வடிந்துவிட்டது. அன்றே முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தோம்.

ஆவணி இரண்டாம் வாரம் பால் காய்ச்சினோம். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சங்கச் செயலாளரைப் பார்த்து மழைநீர்க் குழியின் மேலிருந்த சைக்கிளை எடுக்கச் சொல்லி, ஐப்பசிக்கு முன்னால் சல்லியை அள்ளிக் கழுவிப் போட ஆளுக்கு 300 ரூபாய் என்று பேசி முடித்திருக்கிறோம்.